ஏழாவது தேர்வு

ஈரி ஏரிக்கு அடியில், ஆயிரத்து எண்ணூறு அடி ஆழத்தில்
எனக்கு வேலை. உப்பு வெட்டுகிறோம்.
பனிக்காலத்தில் உங்கள் கார் வழுக்காமல் நின்றால்
அதில் என் இரவு ஒன்று கரைந்திருக்கிறது.
உப்பிட்டவரை யாரும் நினைப்பதில்லை. அது கிடக்கட்டும்.
நான் சொல்ல வந்தது
ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூலை ஞாயிறு பற்றி.

அன்று ஏழாவதாக ஆள் எடுக்கும் முறை எங்களுக்கு.
எடுத்தோம், மெரிட் ஸ்லோகமை.
பள்ளி முடித்த கையோடு வந்தவன்,
ஆறடி ஐந்தங்குலம், இடது கை.
பந்து அவன் விரலை விட்டது தெரியும்;
வந்து சேர்ந்ததைக் கேட்சரின் கையுறைதான் சொல்லும்.
எட்டாவதாக இருந்தவர்கள் எடுத்தது
நெப்ராஸ்கா சோளக்காட்டு ஒல்லிப்பயல் ஒருவனை.
ஷார்ட்ஸ்டாப். டேன் ஓஸ்ட்மெயர்.

இந்த ஆகஸ்ட் வரை ஓஸ்ட்மெயர் முப்பத்தொரு ஹோம் ரன்.
ஆறு எங்கள் மைதானத்தில்.
அதில் ஒன்று சுவர் தாண்டி, தெரு தாண்டி
என் மைத்துனன் எமிலின் வேன் கூரையில் விழுந்தது.
பள்ளத்தைச் சரிசெய்யாமல் ஊரெல்லாம் காட்டித் திரிகிறான்.
ஸ்லோகமுக்கு முழங்கையில் இரண்டு அறுவை,
சின்ன ஊர்களுக்கிடையே மூன்று வருடப் பேருந்து.

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஞானிகள்.
"அன்றைக்கே சொன்னேன்" என்கிறான் ஜோஷ்கோ.
"அன்றைக்கே சொன்னேன்" என்கிறாள் லோடர் ஓட்டும் யாட்விகா.
அன்றைக்கே சொன்னவர்கள் இத்தனை பேர் இருந்தும்
அன்றைக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையே!
அத்தைக்கு மீசை முளைத்து, முளைத்து
இந்நேரம் ஒன்பது சித்தப்பா,
ஓர் அணியே இறக்கலாம்.

நானும் சொன்னவன்தான், பொய் எதற்கு.
போன வாரம் இன்சூரன்ஸ் காகிதம் தேடும்போது
பழைய ஸ்கோர் நோட்டு கையில் சிக்கியது.
என் கையெழுத்து:
"ஸ்லோகம்! கடைசியில் புத்தி வந்தது இவர்களுக்கு."
கீழே மூன்று கோடு. பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.
எட்டாவது பெயருக்கு எதிரே
"யார் இவன்?"
நோட்டை அதே இடத்தில் வைத்து
மேலே காகிதங்களைப் போட்டு மூடினேன்.

நேற்றிரவு.
முதலிடத்துக்கு மூன்று ஆட்டம் பின்னால் நிற்கிறோம்,
மழைக்கு நனைந்த தீக்குச்சி மாதிரி ஒரு சீசன்:
உரசினால் பற்றுகிற மாதிரியே இருக்கும்.
எட்டாவது இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னிலை.
இரண்டு அவுட், இரண்டு பேர் தளத்தில்.
மட்டையோடு வருவது ஓஸ்ட்மெயர்.
வானொலிக்காரன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்,
புல்பென் கதவு திறக்கிறது என்று.
ஸ்லோகம். பெரிய மைதானத்தில் அவனுக்கு நான்காவது நாள்.

மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.
ஃபோர்மன் என் டிரக் கண்ணாடியைத் தட்டினார்.
சுரங்க லிஃப்ட் யாருக்கும் காத்திருக்காது.

நான்கு நிமிட இறக்கம். கீழே சிக்னல் கிடையாது,
ஏரியின் பாரம் மட்டும் தலைக்கு மேல்.
ஒரு மணிக்கு அவனை அவுட்டாக்கினேன்.
இரண்டு மணிக்குப் பந்து எமிலின் வேனைத் தேடிப் போனது.
மூன்று மணிக்கு இன்னொரு ஃபௌல், இன்னொரு ஃபௌல்,
கேட்சர் எழுந்து போய் ஏதோ சொல்லிவிட்டு வருகிறான்.
மேலே எப்போதோ முடிந்துவிட்டது.
ஊர் தூங்கிவிட்டது.
எனக்கு மட்டும் அந்தப் பையன்
இன்னும் கையைப் பின்னுக்கு இழுத்தபடி நிற்கிறான்.

"திரும்ப அந்த ஏழாவது முறை வந்தால்
யாரை எடுப்பாய்?" யாட்விகா கேட்டாள்.
கன்வேயர் இரைச்சலில் காது கேட்காதது போல
ஹெல்மெட் விளக்கைத் துடைத்தேன்.

காலை ஆறரை. வெளிச்சம் உப்பை விட வெள்ளை.
வாசல் காவலுக்கு வெர்னா.
என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள்,
முகத்தில் சிரிப்பா, கொட்டாவியா, தெரியவில்லை.

இரு வெர்னா, இரு.
இந்த பூட்ஸைக் கழற்றிவிடுகிறேன்.